கணக்கில் இல்லாத வணக்கம்

அந்த அறையில் செயற்கைக்கோளுக்கு வணக்கம் வைப்பார்கள். கையைக் கூப்பி அல்ல, விசைப்பலகையைத் தட்டி. கோள் அடிவானத்துக்கு மேலே தலைகாட்டியதும் ஒன்றும் செய்யாத வெறும் கட்டளை ஒன்றை முதலில் அனுப்ப வேண்டும். கோள் அதை வாங்கிக்கொண்டு, தான் ஏற்ற கட்டளைகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிக் காட்டும். காது கேட்கிறது, உயிர் இருக்கிறது என்று அர்த்தம். இது விதிமுறையில் உள்ள வணக்கம்.

விதிமுறையில் இல்லாத இன்னொன்றும் இருந்தது. கோள் மறுபக்கம் இறங்கி மறைகிற நேரத்தில், 'போயிட்டு வா' என்கிற மாதிரி இன்னொரு வெறும் கட்டளையைத் தட்டிவிடுவார்கள். அது கோளின் காதில் விழுந்ததா என்று தெரியாது. பதில் வருவதற்குள் கோள் போய்விடும். யார் ஆரம்பித்தார்களோ, கைப்பழக்கமாகிவிட்டது. அதைத் தட்டாமல் எழுந்தால் விரல் நமநமக்கும். அடுத்த சுற்றில் எண்ணிக்கை ஒன்று கூடியிருந்தால், வழியனுப்பியது விழுந்திருக்கிறது. கூடாவிட்டால், விழவில்லை. இரண்டில் எதுவானாலும் யாரும் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்வதில்லை.

அன்றைக்கு மதியம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மேசைக்கு வந்த கட்டளைக்காரி, வணக்கம் வைப்பதற்கு முன்பே எண்ணிக்கை ஒன்று கூடியிருப்பதைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னண்ணே, வழியனுப்பாம உங்களால ஒரு நாள் இருக்க முடியாதா?"

தட்டுக்காரர் திரும்பினார். வெளியே நிற்கும் பெரிய தட்டு ஆன்டெனாவை மேய்க்கிறவர் அவர். நரைத்த மீசை, கிரீஸ் வாசம், எந்நேரமும் தோளில் ஒரு துண்டு.

"நான் எங்க போட்டேன்? போன சுற்றுல கிழம் இறங்குறப்போ நான் தட்டுக்குப் பின்னாடி கிரீசும் கையுமாத் தொங்கிக்கிட்டு இருந்தேன். மேசையில இருந்தவ நீ."

கிழம் என்றால் அந்தச் செயற்கைக்கோள். துணி துவைக்கும் இயந்திரம் அளவுக்கு இருக்கும். ஆயுள் முடிந்தும் ஓடிக்கொண்டிருந்ததால் அந்தப் பெயர்.

"நானும் போடல அண்ணே. அம்மா போன் பண்ணுச்சு. எடுக்கிறதுக்கு வாசல் நடைக்கு ஓடிட்டேன்."

"அப்போ யாரு போட்டது, உங்க அம்மாவா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள். இந்தக் கிழத்தோடு பேசுவதற்கு உலகத்தில் இந்த ஒரு மேசைதான். இங்கிருந்து போகாத கட்டளை ஒன்றை அது ஏற்றுக்கொண்டிருக்கிறது.

கட்டளைக்காரி பயந்துபோனாள். அவள் லேசில் பயப்படுகிறவள் அல்ல. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகு ஒடிந்து உட்கார்ந்தவர். அம்மா இன்னமும் படகுத்துறையில் ஐஸ் கட்டி உடைக்கிறாள். தோள் காய்த்த குடும்பத்தில் பிறந்து, நாற்காலியில் உட்கார்ந்து விரலால் வேலை செய்கிற முதல் ஆள் இவள். 'வானத்துல மாடு மேய்க்கிறா எங்க அக்கா' என்று தம்பி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அந்தத் தம்பி கடலுக்குப் போகிறவன். இன்றைக்கும் போயிருக்கிறான்.

கிழம் செய்கிற வேலையே கடலுக்குப் போகிறவர்களுக்குத்தான். போன் எடுக்காத தூரத்தில் இருக்கும் படகுகளில் ஆளுக்கொரு பெட்டி பொருத்தியிருக்கிறார்கள். காற்று வருகிறது, திரும்பு என்று இங்கிருந்து சொன்னால், கிழம் அதை வாங்கிக் கீழே கொட்டும். பெட்டி கத்தும். 'கேட்டுவிட்டேன்' என்று தானே பதிலும் அனுப்பும்.

"வரிசையைத் திற," என்றார் தட்டுக்காரர். குரலில் விளையாட்டு இல்லை.

இன்ன நேரத்தில் இன்னதைச் செய் என்று முன்கூட்டியே ஏற்றிவைக்கும் கட்டளைகள் கிழத்தின் நினைவில் வரிசையாக நிற்கும். அவள் திறந்தாள். இவர்கள் ஏற்றிய மூன்று நின்றன. நாலாவதாக ஒன்று, கூட்டத்தில் புகுந்த திருடன் மாதிரி, கடைசியில் நின்றது. கட்டளை வாங்கும் கருவியை அணை என்பது அதன் பொருள். நேரம், அன்று மாலை.

காதை மூடிக்கொள் என்று யாரோ கிழத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். மூடிவிட்டால் திற என்று சொல்வதற்கும் வழியில்லை. சொன்னால் கேட்கக் காது வேண்டுமே.

"அழிச்சிரு, அழிச்சிரு!"

அழித்தாள். வரிசை மறுபடி மூன்றானது. தட்டு மெல்லத் திரும்பிச் சாய்ந்து, எதிரே இருந்த கிடங்கின் தகரக் கூரையை நோக்கி இறங்கியது. அந்தக் கூரைதான் இவர்களுக்கு அடிவானம். தட்டின் விளிம்பு கூரைக்குச் சரியாக வந்தால் கிழத்தின் பேச்சு நின்றுவிடும். நின்றது. இனி ஒரு சுற்று முடித்து அது திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆகும்.

வழக்கமாக வழியனுப்பும் விசையின் மேல் இருந்த தன் விரலைக் கட்டளைக்காரி சூடு பட்ட மாதிரி இழுத்துக்கொண்டாள்.

"பொறுங்க, பொறுங்க," என்றபடி நிலைய மேலாளர் உள்ளே வந்தார். அவர் வாயில் எல்லாப் பேச்சும் அந்த வார்த்தையில்தான் தொடங்கும். அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயரே பொறுங்க சார். ஆனால் ஏனோதானோ ஆள் இல்லை. கிழத்தைக் கட்டிய காலத்தில் அதன் திருகுகளைத் தன் கையால் முடுக்கியவர்.

"சார், யாரோ உள்ள வந்துட்டாங்க."

"பொறுங்க. நீங்களே போட்டுட்டு மறந்திருக்கலாம்."

"வணக்கத்தை மறக்கலாம் சார். காதை மூடுன்னு போட்டதையுமா மறப்போம்?"

அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. உடனே தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியை மேசை நடுவில் வைத்தார்.

மறுமுனையில் பாதுகாப்புப் பொறியாளர். வயசில் சின்னவள். மாதம் தவறாமல் கூப்பிட்டு, 'கிழத்துக்குப் பூட்டுப் போட்டாச்சா' என்று கேட்பாள். பூட்டம்மா என்று இங்கே அவளுக்குப் பெயர். சாவி உள்ளவர்கள் அனுப்பும் கட்டளையை மட்டுமே ஏற்கிற வசதி கிழத்துக்குள் பிறவியிலேயே இருந்தது. ஏவிய புதிதில் ஒரு முறை அதைப் போட்டுப் பார்த்தார்கள். கிழம் ஊமையாகிவிட்டது. பொறுங்க சார் சோறு தண்ணி இல்லாமல் கிடந்து, எப்படியோ அதைப் பேச வைத்தார். அதற்குப் பிறகு பூட்டைத் தொட அவருக்கு மனசு வரவில்லை. அது குறையாக யாருக்கும் படவுமில்லை. ஐஸ் பெட்டிக்கும் வலைக்கும் நடுவே கத்துகிற ஒரு டப்பாவை எவன் கெடுக்கப்போகிறான் என்றுதான் எல்லாரும் இருந்தார்கள்.

"எத்தனை நாளா எண்ணிக்கை கூடிட்டிருக்கு?" என்றாள் பூட்டம்மா.

பொறுங்க சார் கட்டளைக்காரியைப் பார்த்தார்.

"அக்கா, கேக்குதா?"

"கேக்குது மேடம். எத்தனை நாளாவோ தெரியாது. ஒண்ணு கூடினா நாங்க பார்க்கிறதில்ல."

"ஏன்?"

"நாங்களே ஒண்ணு போடுவோம். கிழம் இறங்குறப்போ."

"என்ன போடுவீங்க?"

கட்டளைக்காரி தட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வணக்கம்," என்றாள்.

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பொறுங்க சார் குனிந்து பார்த்தார்.

"சரி," என்றாள் பூட்டம்மா. "திட்டுறதுக்கு இப்போ நேரமில்ல. உங்க கட்டளையெல்லாம் திறந்தவெளியில போகுது. எவனோ ஒட்டுக் கேட்டிருக்கான். அப்படியே பிடிச்சுத் திருப்பி அனுப்பிப் பார்த்திருக்கான். தடவைக்கு ஒண்ணு மட்டும். ஒண்ணு கூடினா நீங்க அசைய மாட்டீங்கன்னு அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. இன்னைக்கு அந்த ஒண்ணு வெறும் வணக்கம் இல்ல, அவ்வளவுதான்."

"அதான் அழிச்சுட்டோமே," என்றார் பொறுங்க சார்.

"மறுபடி போடுவான் சார். கிழம் அவன் தலைக்கு மேலயும்தானே போகுது? இந்த முறை நேரத்தை முன்னாடி இழுத்துப் போடுவான். வர்ற சுற்றுல பூட்டுங்க. அதுக்கு அடுத்த சுற்றுன்னு ஒண்ணு இருக்கும்னு எனக்கு நம்பிக்கை இல்ல."

"பொறுங்கம்மா. பூட்டினா கிழம் ஒரு தடவை அணைஞ்சு மறுபடி எரியும், கரண்டு போய் வந்த மாதிரி. படகு ரேடியோ தானா வராது. மறு சுற்றுல நாங்க சொன்னாத்தான் வரும். ஒரு சுற்று முழுக்கப் படகுக்காரங்களுக்கு ஒண்ணுமே கிடையாது."

"ஒரு சுற்றுதானே சார்? கடல் அமைதியாத்தானே இருக்கு?"

வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கட்டளைக்காரியும் ஜன்னலைப் பார்த்துத் தலையாட்டினாள். பூட்டின் ரகசிய எண் பதிந்த சாவிக் குச்சியை எடுத்துவர பொறுங்க சார் இரும்பு அலமாரிக்குப் போனார். அவர் திரும்புவதற்குள் வானிலை அலுவலகத்தின் தொலைபேசி அடித்தது.

தட்டுக்காரர்தான் எடுத்தார். "ம்... ம்... எந்தப் பக்கம்?... எப்போ?" என்று கேட்டவர், வைத்த பிறகும் கையைத் தொலைபேசியிலிருந்து எடுக்கவில்லை.

"சூறைக்காற்று. கிளம்பிடுச்சாம். தென்கிழக்குப் பக்கம் உள்ளவன் எல்லாம் உடனே வலையை அறுத்துட்டாவது கரையோரம் ஒதுங்கணுமாம். ரெண்டு மணி நேரத்துல அடிச்சிருமாம்."

தம்பி போனது தென்கிழக்குப் பக்கம்.

கால் தரையில் பாவவில்லை என்பார்களே, அப்படித்தான் அவள் நடைக்குப் போனாள். அறைக்குள் கைப்பேசி ஆகாது. நடையில் ஒரு கூடையில் எல்லாருடையதும் கிடக்கும். தம்பிக்குப் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று யாரோ ஒருத்தி அழகாகச் சொன்னாள். காலையில் அம்மா போனில் புலம்பியது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. 'உன் தம்பி அந்தப் பெட்டி ஒயரை உருவிட்டு போனைச் சார்ஜுக்கு மாட்டுறான்டி. பாட்டுக் கேக்கணுமாம் தொரைக்கு. கேட்டா, கரண்டு ஒண்ணுதானே, எதுல மாட்டினா என்னங்கிறான்.' இதற்குத்தான் அவளும் எத்தனையோ முறை திட்டியிருக்கிறாள். 'உள்ளே இருக்கும் பேட்டரி கொஞ்ச நேரம்தான்டா தாங்கும், பெட்டி தூங்கித் தூங்கித்தான் விழிக்கும்' என்று. 'சரிங்க வானத்து அம்மணி' என்று கும்பிடு போட்டுவிட்டுப் போவான்.

திரும்பி வந்தபோது அறைக்குள் சண்டை.

"முதல்ல படகுக்காரங்களுக்குச் சொல்லுவோம். பூட்டை அடுத்த சுற்றுல பார்ப்போம்," என்றார் பொறுங்க சார்.

"அடுத்த சுற்றுல பூட்டுறதுக்குக் கிழம் இருக்காதுங்கிறேன்," என்றாள் பூட்டம்மா. "இன்னைக்கு ஒரு காற்று. நாளைக்கு? மழைக்காலம் முழுக்க என்ன பண்ணுவீங்க? வேற சாட்டிலைட் இருக்கா உங்ககிட்ட?"

"நாளைக்கு வர்ற காற்றுக்காக இன்னைக்கு ஆளைச் சாகக் கொடுக்கச் சொல்றியாம்மா?"

"ரெண்டையும் பண்ணுவோம்," என்றாள் கட்டளைக்காரி.

சொல்லிக்கொண்டே மேசைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"கிழம் நம்ம தலைக்கு மேல இருக்கிறப்போ கடலுக்கும் மேலதான் இருக்கு. ஏறினதும் எச்சரிக்கையை ஏற்றிடுறேன். அது உடனே கீழ கொட்ட ஆரம்பிச்சிரும். பெட்டிங்க விழிக்க விழிக்க வாங்கிக்கும். இறங்குறதுக்கு முன்னாடி, முடிஞ்ச வரைக்கும் கடைசியாப் பூட்டுவோம்."

"கடைசின்னா எது கடைசி அக்கா?" என்றாள் பூட்டம்மா. "சாவியை ஏற்றி, அது ஒத்துக்கிச்சான்னு பார்த்து, பிறகு பூட்டு. அதுக்கே நேரம் வேணும். கிழம் பாதியில இறங்கிடுச்சுன்னா பூட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல."

தட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினார். "குடோன் மேல தண்ணித் தொட்டி நிக்குதே. தட்டு விளிம்பு அந்தத் தொட்டி தலையைத் தொடுறப்போ நான் குரல் கொடுக்கிறேன். அதுதான் எல்லை. அதுக்கு மேல ஒரு மூச்சுகூடத் தள்ள முடியாது."

பொறுங்க சார் 'பொறுங்க' என்று வாயெடுத்து, சொல்லாமல் விட்டார்.

கிழம் வரும் வரைக்கும் செய்வதற்கு ஒன்றுமில்லை. மூட்டை தூக்குகிறவனுக்காவது முதுகு வலிக்கும், வலியைப் பார்த்துக்கொண்டு நேரத்தைக் கடத்தலாம். இங்கே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஜன்னலில் வெயில் மங்கியது. தகரக் கூரை மேல் உட்கார்ந்திருந்த புறாக்கள் எதற்கோ ஒரே சமயத்தில் எழுந்து போயின.

"ஏறுது," என்றார் தட்டுக்காரர்.

திரை உயிர் பெற்றது. எண்ணிக்கை மறுபடி ஒன்று கூடியிருந்தது. வரிசையைத் திறந்தாள். நாலாவது ஆள் மறுபடி வந்து நின்றிருந்தான். இப்போது அவனுடைய நேரம் மாலை அல்ல. இந்தக் கூரைக்குப் பின்னால் கிழம் மறைந்த சற்று நேரத்துக்கெல்லாம்.

"சொன்னேன்ல," என்றாள் பூட்டம்மா. குரலில் வெற்றி இல்லை.

கட்டளைக்காரி அந்த நாலாவதை அழித்தாள். வணக்கம் வைக்கவில்லை. எச்சரிக்கையை ஏற்றினாள். பக்கத்துத் திரையில் தென்கிழக்குக் கடலில் இருக்கும் படகுகள் எண்களாக நின்றன, எல்லாம் சாம்பல் நிறத்தில். பெட்டி கேட்டுப் பதில் அனுப்பினால் அந்த எண் பச்சையாகும்.

ஒன்று பச்சையானது. பிறகு இரண்டு. பிறகு பொரி பொரிகிற மாதிரி படபடவென்று.

"வாங்குறான், வாங்குறான்," என்றார் தட்டுக்காரர். "ஓடுங்கடா, ஓடுங்க."

அப்போது வரிசையில் நாலாவது ஆள் திரும்பவும் முளைத்தான். அவள் கண்ணெதிரிலேயே. எண்ணிக்கை தானாக ஒன்று ஏறியது.

"மேடம், இப்போ போடுறான். இப்பவே!"

"அவனும் உங்க கிழத்தைப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கான். அழிங்க."

அழித்தாள். வந்தான். அழித்தாள். இருட்டில் முகம் தெரியாத ஒருத்தனோடு கதவை ஆளுக்கொரு பக்கம் தள்ளுகிற மாதிரி இருந்தது. பொறுங்க சார் சாவிக் குச்சியைப் பொருத்தினார். அது இரண்டு முறை வழுக்கி, மூன்றாவதில் உட்கார்ந்தது.

"சாவியை ஏற்றுங்க. பூட்டாதீங்க, ஏற்ற மட்டும்," என்றாள் பூட்டம்மா.

ஏற்றினாள். சாவி சரி என்று கிழம் ஒப்புக்கொண்டது. இனி ஒரே ஒரு விசை.

படகுத் திரையில் சாம்பல் எண்கள் வேகமாகக் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் மூன்று மட்டும் நின்றன. அந்த மூன்றில் ஒன்றை அவள் படிக்கவே தேவையில்லை. தன் வீட்டுக் கதவு எண் மாதிரி மனசில் கிடந்த எண்.

'முழிடா,' என்று அவள் உதடு அசைந்தது. 'முழிச்சுத் தொலைடா, மாடு.'

தட்டு சரிந்துகொண்டிருந்தது. அதன் மோட்டார் சத்தம் சுவர் வழியாக நாற்காலிக்குள் இறங்கியது. நாலாவது ஆள் வந்தான். அழித்தாள்.

"தொட்டி வருது," என்றார் தட்டுக்காரர்.

சாம்பலில் மூன்று. எதுவும் அசையவில்லை.

"தொட்டி! தங்கச்சி, தொட்டி!"

"பொறுங்க," என்றார் மேலாளர். அவர் பார்வை படகுத் திரையில் இருந்தது. அந்த எண் யாருடையது என்று அவருக்கும் தெரியும். கிழத்துக்காகச் சோறு தண்ணி இல்லாமல் கிடந்த மனிதர், "பொறும்மா, உன் தம்பி இன்னும் வாங்கல. இன்னும் கொஞ்சம்..." என்றார்.

அந்த 'இன்னும் கொஞ்சம்' அவளுக்கும் வேண்டியிருந்தது. விரல் விசை மேல் இருந்தது. விரலுக்கும் விசைக்கும் நடுவில் தம்பி நின்றான், வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் அவன் பெட்டி விழிக்கலாம். விழிக்காமலும் போகலாம். பொறுத்துப் பொறுத்துக் கிழம் கூரைக்குப் பின்னால் போய்விட்டால், பச்சையான அத்தனை படகுக்கும் நாளையிலிருந்து கடல் குருட்டுக் கடல்.

"சார், தள்ளுங்க," என்றாள், அவர் தடுக்கவே இல்லை என்றாலும்.

விசையை அமுக்கினாள்.

திரையில் பச்சை எண்கள் எல்லாம் ஒரே சமயத்தில் அணைந்தன. கிழம் என்ன சொன்னது, பூட்டிக்கொண்டதா, பாதியில் செத்ததா, ஒன்றும் தெரியவில்லை. இரைச்சல்தான் வந்தது. தட்டு தொட்டியைக் கடந்து கூரைக்கு வந்து நின்றது.

ஒலிபெருக்கியில் பூட்டம்மாவின் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அவள், "நான் இங்கயேதான் இருக்கேன்க்கா" என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

நடையில் கைப்பேசி அடித்தது. யாருடையது என்று மணியிலேயே தெரிந்தது. கட்டளைக்காரி எழுந்து போனாள்.

"காற்று வருதாம்டி," என்றாள் அம்மா. பின்னால் ஐஸ் இயந்திரத்தின் சத்தம். "துறையில எல்லாரும் கத்திட்டு நிக்கிறாங்க. நீங்க சொல்லிட்டீங்களா?"

"சொல்லியாச்சும்மா."

"எல்லாருக்கும் போயிருச்சா?"

"போயிருச்சு."

"உன் தம்பிக்கு?"

"போயிருக்கும்."

இயந்திரம் ஒரு கட்டியை உருட்டித் தள்ளியது.

"போயிருக்கும்னு நான் சொல்லிக்குவேன்டி. நீ எதுக்கு அந்தப் பொட்டி முன்னாடி உக்காந்திருக்க? பதில் வந்துச்சா, வரலையா?"

"வரலம்மா."

"ஏன்?"

"அவன் பெட்டி தூங்கிட்டிருக்கு. நான் இன்னும் கொஞ்சம் காத்திருந்தா முழிச்சிருக்கலாம். காத்திருக்க முடியல. மத்தவங்களுக்காகக் கதவை மூட வேண்டியதாப்போச்சு."

சொல்லிவிட்டு, திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். அம்மாவின் திட்டு ஐஸ் உடைக்கிற சுத்தியல் மாதிரி. ஒரே போடு, இரண்டாகப் பிளக்கும்.

"மத்தவங்கன்னா எத்தனை படகு?"

"ரெண்டு மூணு பாக்கி. மிச்சம் எல்லாம் வாங்கிட்டாங்க."

"சரி," என்றாள் அம்மா. அவ்வளவுதான். பிறகு, "கதவைத் திறந்ததும் முதல்ல அவனைக் கூப்பிடு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

காற்று கரைக்கும் வந்தது. தகரக் கூரை ஒருபக்கம் எழுந்து எழுந்து அடித்தது. தட்டைக் கட்டிப் படுக்கவைக்கச் சொல்கிற காற்று அது. தட்டுக்காரர் கட்டவில்லை. "கட்டினா கிழத்தை யாரு பார்க்கிறது?" என்று சொல்லிவிட்டு, துண்டைத் தலையில் இறுக்கிக்கொண்டு வெளியே போய், மோட்டார் பக்கத்திலேயே நின்றார். அவர் நின்று காற்றை என்ன செய்துவிட முடியும்? ஆனாலும் நின்றார். பொறுங்க சார் கட்டளை மேசைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு ஊமையான மாதிரியே ஆகிட்டா?" என்றார் ஒருமுறை.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

நேரமானதும் தட்டு கிழக்கே திரும்பியது. காற்றில் அதன் முகம் ஆடியது. திரையில் இரைச்சல். பிறகு இரைச்சலுக்குள் மெல்லிய கோடு ஒன்று.

"இருக்கு," என்று வெளியிலிருந்து தட்டுக்காரர் கத்தினார். "உயிரோடதான் இருக்கு!"

உயிரோடிருப்பது வேறு, இவள் சொல்வதைக் கேட்பது வேறு. கட்டளைக்காரி சாவியோடு சேர்த்து வணக்கம் வைத்தாள்.

பதில் இல்லை.

மறுபடி வைத்தாள். பொறுங்க சார் எழுந்து நின்றார். பொறுங்க என்று சொல்லவில்லை.

எண்ணிக்கை மாறியது. அணைந்து எரிந்ததில் பூஜ்யத்துக்குப் போயிருந்த அது, ஒன்று என்று காட்டியது. அவள் இரண்டு அனுப்பியிருந்தாள். கிழம் ஒன்றைத்தான் கேட்டிருக்கிறது. அதில் என்ன வந்தது? அந்த ஒன்று அவளுடையது. வேறு யாருடையதும் இல்லை.

"அக்கா, ஏற்காத கட்டளை எத்தனைன்னு பாருங்க," என்றாள் பூட்டம்மா அவசரமாக.

அது தனிக் கட்டம். இத்தனை வருஷமாக அதில் எந்த எண்ணும் ஏறியதில்லை. இப்போது ஏறிக்கொண்டிருந்தது, நிற்காமல், ஒன்றின் மேல் ஒன்றாக. பூட்டிய கதவை எவனோ வெளியே நின்று உடைக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். வரிசையில் மூன்று கூட இல்லை, காலியாக இருந்தது. நாலாவது ஆளைக் காணோம்.

"தட்டட்டும்," என்றாள் பூட்டம்மா. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "நல்லாத் தட்டட்டும்."

கட்டளைக்காரிக்கு அதைக் கேட்க நேரமில்லை. படகு ரேடியோவை எழுப்பினாள். எச்சரிக்கையை மறுபடி ஏற்றினாள். எண்கள் சாம்பலாக வந்து நின்று, ஒவ்வொன்றாகப் பச்சையாயின. கரையோரம் ஒதுங்கியவர்கள், ஒதுங்கிக்கொண்டிருப்பவர்கள். அவள் கண் ஒரே எண்ணில் இருந்தது. கண்ணீர் மறைத்ததால் அது பச்சையானதை முதலில் பார்த்தவர் பொறுங்க சார்தான்.

"பாரும்மா, பாரு!"

பச்சை மட்டுமல்ல, கூடவே ஒரு செய்தியும் வந்தது. பெட்டியில் கொஞ்ச எழுத்துதான் அடிக்க முடியும். தம்பி அதற்குள்ளும் தன் புத்தியைக் காட்டியிருந்தான்.

'பக்கத்து படகுக்காரன் கத்தி சொன்னான். வலை போச்சு. ஆள் எல்லாம் இருக்கோம். ஒயரை மாட்டிட்டேன். திட்டாதே.'

"நாயே," என்றாள் கட்டளைக்காரி திரையைப் பார்த்து. "வாடா வீட்டுக்கு." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

தட்டுக்காரர் நனைந்து உள்ளே வந்தார். செய்தியைப் படித்துவிட்டு, "ஒயரை மாட்டிட்டானாம், பெரிய மனசு" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே படகுத் திரையைக் கீழே வரைக்கும் பார்த்தார். சிரிப்பு நின்றது.

அந்த மூன்றில் இரண்டு பச்சையாகிவிட்டன. ஒன்று இன்னமும் சாம்பல்.

"யாரு இது?" என்றார்.

யாருக்கும் தெரியவில்லை. மனப்பாடமான எண் இல்லை அது. அவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எச்சரிக்கையை அவள் திரும்பத் திரும்ப ஏற்றினாள். ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை சரியாக ஒன்று கூடியது. இப்படிச் சரியான கணக்கு அந்த அறையில் இருந்து நாளாகிவிட்டது. அந்த எண் சாம்பலாகவே நின்றது. அவள் அமுக்கிய நேரத்தில் அந்தப் பெட்டியும் விழிக்கப்போய்க்கொண்டிருந்ததோ என்னவோ, அதை இனி யாரும் சொல்ல முடியாது.

தட்டு இறங்கியது. விளிம்பு தொட்டியைத் தொட்டு, கூரைக்கு வந்தது. தட்டுக்காரரின் விரல் பழக்கதோஷத்தில் விசையை நோக்கிப் போனது. கட்டளைக்காரி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்ணே. இனிமே அது வேண்டாம்."

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

நடையில் கைப்பேசி அடிக்கத் தொடங்கியது. அம்மாவின் மணி. சொல்வதற்கு இப்போது நல்ல செய்தி இருந்தது. வாய் நிறையச் சொல்லலாம். அவள் எழுந்து போகவில்லை. அறைத் தொலைபேசியை எடுத்துத் துறைமுக மீட்பு அலுவலகத்தைக் கூப்பிட்டாள்.

"ஒரு படகு பதில் சொல்லல," என்றாள். "எண்ணை எழுதிக்கங்க. தென்கிழக்குப் பக்கம். காற்றுக்கு முன்னாடி அவங்களுக்கு நாங்க சொன்னது போய்ச் சேரல."

மறுமுனையில் ஒருவர் எண்ணைத் திருப்பிச் சொன்னார். அவள் சரி என்று சொல்லி, இன்னொரு முறை நிதானமாகப் படித்தாள். நடையில் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பிறகு மறுபடியும் அடிக்கத் தொடங்கியது.